ராஜா வீட்டுச் செங்கல்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போகாவிட்டாலும், போய்வந்த மச்சான் அனுப்பிய போட்டோவையாவது பார்த்திருப்பீர்கள். போனவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் மூன்று தடவை அதையேதான் செய்தேன். வேனை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டு, கருங்கல் சுடச் சுடக் குதித்து ஓடி, நந்தி முன்னால் ஒரு படம். சிங்கக் கிணற்றை எட்டிப் பார்த்து ஒரு படம். சண்டேசர் தலையில் சிவபெருமான் பூமாலை சுற்றிவிடுகிறாரே, அந்தச் சிற்பத்துக்கு முன்னால், 'இது ராஜேந்திர சோழனுக்கே முடிசூட்டுகிற மாதிரியாக்கும்' என்று யாரோ சொல்ல, எல்லோரும் ஒரு 'ஓ' போடுவோம். தஞ்சாவூர் விமானத்தைவிட இது உயரம் குறைச்சல். அப்பாவை மிஞ்சக் கூடாது என்று பிள்ளை அடக்கி வாசித்தான் என்று ஒரு கதை. அதற்கும் ஒரு 'ஓ'. அப்புறம் மர நிழலில் புளியோதரை. முக்கால் மணி நேரத்தில் வேன் கிளம்பிவிடும்.

நான்காவது தடவை போனபோது கூட வந்த அக்கா பையன், ஏழாம் வகுப்பு படிக்கிறவன், ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, இது சாமி வீடு. ராஜா வீடு எங்க?"

நான் முழித்தேன். சரித்திரக் கதைகளாகப் படித்துத் தள்ளியவன் நான். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா?

யோசித்துப் பாருங்கள். ராஜேந்திர சோழன் பட்டத்துக்கு வந்தது 1014-ல். வடக்கே கங்கைக் கரை வரை படையை அனுப்பி ஜெயித்த பிறகு, ஏறக்குறைய 1025-ல், தஞ்சாவூரை விட்டு இங்கே தலைநகரத்தை மாற்றினான். கடாரத்துக்குக் கப்பல் போனதும் அந்தச் சமயத்தில்தான். அதற்குப் பிறகு 1279-ல் சோழர் ஆட்சி முடிகிற வரைக்கும், சுமார் 250 வருஷம், இதுதான் தலைநகரம். தலைநகரம் என்றால் ராஜா மட்டும் இல்லை. ஓலை எழுதுகிறவர், வரிக் கணக்குப் பார்க்கிறவர், யானைப் பாகன், தட்டார், வண்ணார், குயவர், வெற்றிலை விற்கிறவள், கடன் கொடுத்தவன், கடன் வாங்கி ஓடி ஒளிந்தவன் எல்லோரும் சேர்ந்ததுதான் ஊர். பத்துத் தலைமுறை ஜனங்கள் இங்கே சமைத்து, சண்டை போட்டு, பிள்ளை பெற்றுச் செத்திருக்கிறார்கள். அவர்கள் வீடெல்லாம் எங்கே? கோயிலைச் சுற்றி நான்கு பக்கமும் வயலும் தோப்பும்தான்.

கோயில் வாசலில் விசாரித்தபோது, "மாளிகைமேடு போங்க" என்றார்கள். தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டர். பையனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மாளிகைமேட்டில் மாளிகை இல்லை. மேடு இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை 1980-களில் தோண்டி வெளியே கொண்டுவந்த செங்கல் அடித்தளங்கள் இருக்கின்றன. 2021-ல் மறுபடியும் தோண்ட ஆரம்பித்தார்கள். செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனாவிலிருந்து வந்த பீங்கான் பாத்திரத்தின் உடைசல்கள் இவையெல்லாம் கிடைத்தன. அவ்வளவுதான் சோழச் சக்கரவர்த்தியின் அரண்மனை. பையன் முகம் தொங்கிவிட்டது.

"இவ்ளோதானா மாமா?"

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி காதில் அது விழுந்துவிட்டது. சிரித்தார். "நிறையத்தான் இருந்துச்சு தம்பி. கல்லெல்லாம் எங்க மாமனாரு காலத்துலயே எடுத்துட்டாங்க."

"யாரும்மா எடுத்தாங்க?"

"யாரு எடுப்பா? நாங்கதான். சூளை போடக் காசு யாருகிட்ட இருந்துச்சு? இங்க தோண்டுனா கல்லு. அத வச்சுச் செவுரு எழுப்பிக்கிட்டாங்க. ராஜாதான் போய்ச் சேந்துட்டாரே, அவருக்கு எதுக்கு இனிமே வீடு?"

ஒளிவு மறைவு இல்லாத இந்த வாக்குமூலத்தைப் போல ஒன்றை நான் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இப்போது நான் குறை சொல்லப் போவது பாட்டியை இல்லை. உங்களையும் என்னையும்.

நமக்கு அரண்மனை என்றால் என்ன நினைவுக்கு வருகிறது? வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு ஓவியர்கள் வரைந்த படம். வழுவழுவென்று கல்தூண், வளைந்த மாடிப்படி, காற்றில் ஆடும் திரைச்சீலை, உப்பரிகையில் ஒரு இளவரசி. பிறகு சினிமாக்காரர்கள் அதையே பிளைவுட்டில் செய்து தங்க வர்ணம் அடித்தார்கள். ராஜேந்திரனைப் பற்றி அகிலன் எழுதிய 'வேங்கையின் மைந்தன்' 1963-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியது. அதைப் படித்துவிட்டு இங்கே ஓடிவந்த தலைமுறை ஒன்று உண்டு. 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு இதே அரியலூர் மாவட்டத்துப் பழுவூருக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பழுவேட்டரையர் அரண்மனை எங்கே என்று தேடுகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது என்ன? கீழையூரில் ஒரே மதிலுக்குள் இரண்டு சிவன் சந்நிதிகள் கொண்ட அவனிகந்தர்வ ஈசுவர கிருகம். அழகான இரட்டைக் கோயில். அங்கேயும் கோயில்தான் இருக்கிறது, அரண்மனை இல்லை.

கதை எழுதியவர்கள் மேல் தப்பு இல்லை. அவர்கள் எழுதியது கதை. படித்த நாம் அதைச் சரித்திரமாக எடுத்துக்கொண்டு, மண்ணில் உண்மையாகக் கிடப்பதைப் பார்த்து 'இவ்ளோதானா' என்கிறோம். ஏழாம் வகுப்புப் பையன் வாய்விட்டுச் சொன்னான். நாம் சொல்லாமல் வேனில் ஏறிவிடுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்மையான சங்கதி எளிமையானது. சோழ நாட்டில் கருங்கல் சாமிக்கு. மனுஷனுக்குச் செங்கல், மரம், ஓடு. மனுஷன் என்றால் சக்கரவர்த்தியும் அதில் சேர்த்திதான். கல்லுக்கு அடியில் கரையான் நுழையாது, மழை ஊறாது, ஆயிரம் வருஷம் நிற்கும். மரம் நூறு வருஷத்தில் உளுத்துவிடும். செங்கலை யார் வேண்டுமானாலும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். அதனால் சாமி தங்கினார், ராஜா போய்விட்டார்.

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஒரு நிமிஷம் இத்தாலிக்குப் போய்வருவோம், டிக்கெட் இல்லாமல்.

ரோமாபுரி பெரிய ஊராக வளர்வதற்கு முன்னாலேயே அதற்கு வடக்கே எட்ருஸ்கர்கள் என்று ஒரு ஜனம் பெரிய பெரிய நகரங்கள் கட்டி வாழ்ந்தது. டஸ்கனி என்ற பெயரே அவர்களால் வந்ததுதான். அவர்களும் வீட்டை மரத்திலும் பச்சை மண் கல்லிலும் கட்டினார்கள். பாறையைக் குடைந்து உறுதியாகச் செய்தது செத்தவர்களுக்கு மட்டும். வீடுகள் மண்ணோடு மண்ணாகப் போயின, கல்லறைகள் நின்றன. செர்வெதேரி என்ற ஊரில் கல்லறைகளே ஒரு நகரம் மாதிரி தெருவும் முற்றமுமாக இருக்கின்றன. அதில் ஒரு கல்லறைக்குள் போனால், சுவரெல்லாம் வீட்டுச் சாமான்கள் சுதையில் செய்து வர்ணம் பூசி மாட்டியிருக்கும். கத்தி, கயிறு, பாத்திரம், படுக்கையில் தலையணை. காலடியில் ஒரு நாய்கூட உண்டு. தர்குவினியாவில் சுமார் 6,000 கல்லறைகள். அவற்றில் 200-ல் ஓவியம். எட்ருஸ்கர் வீடு எப்படி இருந்தது என்று இன்றைக்கு அறிஞர்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கல்லறைகளைப் பார்த்துத்தான்.

இங்கிலாந்து எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் 1927-ல் இந்த இடங்களைச் சுற்றிப் பார்த்து ஒரு பயணநூல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1932-ல் அது வெளிவந்தது. பெரிய கல் கட்டடங்களால் பூமியை அழுத்தாமல் மரத்தில் கட்டி வாழ்ந்த ஜனங்கள் என்று எட்ருஸ்கர்கள் மேல் அவருக்கு ஒரு மோகம். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஊர் அழிந்துபோவதில் கவிதை பார்ப்பது, அந்த ஊரில் சொந்தபந்தம் இல்லாதவர்களுக்குச் சுலபம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

யுனெஸ்கோ அந்த இரண்டு ஊர்க் கல்லறைகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 2004-ல். தஞ்சைப் பெரிய கோயில் 1987-லேயே பட்டியலில் இருந்தது. அதோடு கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் சேர்த்ததும் அதே 2004-ல்தான். அங்கே கல்லறை, இங்கே கோயில். இரண்டு இடத்திலும் பட்டியலில் ஏறியது கல். வாழ்ந்த ஊர் ஏறவில்லை.

ஆனால் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. எட்ருஸ்கர்களுக்கு அது இல்லை. அவர்கள் எழுத்தை உச்சரிக்கலாம், பாஷை இன்னும் முழுசாகப் புரியவில்லை. நம் கல்வெட்டுகளைப் படிக்கலாம், அர்த்தமும் புரியும். அவற்றில் இந்த ஊர் உயிரோடு இருக்கிறது. 'சோழகேரளன் திருமாளிகை' என்று அரண்மனைக்குப் பெயர் இருந்தது. தெற்கே 'வேம்புகுடி வாசல்' என்று ஒரு வாசல். அது எந்த ஊர்ப் பக்கம் போகிறதோ அந்த ஊர்ப் பெயர். நம்மூர் பஸ் ஸ்டாண்டில் 'திருச்சி மார்க்கம்' என்று எழுதிவைப்பதைப் போல. பெருவழிகளுக்கு ராஜாக்கள் பெயரை வைத்தார்கள். ஒன்றுக்கு மட்டும் 'குலையானை போன பெருவழி' என்று பெயர். ஏதோ ஒரு யானை நடந்துபோனதை ஊர் மறக்கவில்லை! அந்த யானையைப் பற்றி ஒரு நாவல் எழுதலாம். யாரும் எழுதவில்லை. நாம் இளவரசிகளோடு நின்றுவிட்டோம்.

கல்வெட்டுக்கூட வேண்டாம், பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். உட்கோட்டை. ஆயுதக்களம். மெய்க்காவல்புத்தூர். சுண்ணாம்புக்குழி. கோட்டைக்கு உள்பக்கம், ஆயுதம் வைத்த இடம், மெய்க்காவல் படை குடியிருந்த இடம், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அரைத்த இடம் என்று பெயரே சொல்லிவிடுகிறது. செங்கல் போனாலும் பெயர் போகவில்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்லிக் கூப்பிடும்போது ஒரு தலைநகரத்தின் வரைபடத்தையே ஒப்பிக்கிறார். அது அவருக்கும் தெரியாது, டிக்கெட் வாங்குகிற நமக்கும் தெரியாது.

சரி, ஊரை அழித்தது யார்? பாண்டியர்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். 13-ம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியதும் சோழர் ஒடுங்கியதும் உண்மை. ஆனால் அதற்கு அப்புறமும் சேதம் தொடர்ந்தது. அதில் ஒன்றை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வந்தீர்களானால் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டியிருப்பீர்கள். அங்கே இருக்கிறது கீழணை. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. அதற்குக் கல் வேண்டியிருந்தது. கல் எங்கே இருக்கிறது? கோயிலில் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலைப் பெயர்த்து, சிற்ப வேலை செய்த கற்களையும் சேர்த்து, ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதாவது கோயிலுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே கோயில் மதிலைத் தாண்டிவிட்டீர்கள்.

இதில் நான் மறக்க முடியாத ஒரு விஷயம் உண்டு. 1855-ல் சென்னையில் அச்சான தென்னிந்திய கெஜட்டியர் ஒன்றில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. எழுதியது வெள்ளைக்காரர்கள் தரப்பு. அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்: உள்ளூர் ஏழை ஜனங்கள் இந்த இடிப்பைத் தடுக்க முடிந்த மட்டும் போராடினார்கள், பலிக்கவில்லை, உத்தரவை அவமதித்ததாக அவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. இடித்த கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்களாம். அது நிறைவேறவில்லை என்பதையும் அந்தப் புத்தகமே வருத்தத்தோடு எழுதிவைத்திருக்கிறது.

அந்த ஜனங்களின் பெயர் நமக்குத் தெரியாது. ராஜேந்திரனின் பட்டப் பெயர்கள் எல்லாம் தெரியும். கங்கைகொண்டான், கடாரங்கொண்டான், முடிகொண்டான். கோயிலுக்காகக் கும்பினி அதிகாரியின் எதிரே போய் நின்று தண்டனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிய குடியானவனுக்கு நாம் வைத்த பட்டம் என்ன? கோயிலைச் சுற்றிவரும்போது எத்தனை வழிகாட்டிகள் இதைச் சொல்கிறார்கள்? எனக்கு மூன்று தடவையும் யாரும் சொல்லவில்லை.

'அடப்பாவி வெள்ளைக்காரா' என்று நீங்கள் பல்லைக் கடிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. கடலூர் மாவட்டத்து நெல் வயல்கள் அதில் விளைகின்றன. அந்த வீராணத்திலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிதண்ணீர் வர ஆரம்பித்தது, திரும்பவும் அதே 2004-ல். ஆக, சென்னையில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிற வாசகரே, உங்கள் வீட்டுச் சொம்பில் இருக்கும் தண்ணீரில் கொஞ்சம், ராஜேந்திரன் கோயில் மதில் தடுத்து அனுப்பியது. அந்த மதிலை இப்போது திருப்பிக் கேட்பீர்களா?

நான் கேட்க மாட்டேன். பாட்டி வீட்டுச் செங்கலையும் கேட்க மாட்டேன். இந்த மாவட்டத்தின் தலையெழுத்தே அப்படித்தான் என்று தோன்றுகிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பக்கம் கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் அதைக் கண்டறிந்து சொன்னவர் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். அந்தப் பழைய கடலின் மிச்சம்தான் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். அதை வெட்டி சிமெண்ட் ஆக்கி மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றுகிறார்கள். யார் யார் வீட்டிலோ மாடி ஏறுகிறது. கடலைக் கொடுத்தது, கோட்டைச் செங்கலைக் கொடுத்தது, கோயில் மதிலைக் கொடுத்தது. தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத ஊர்.

பிறகு எதைப் பற்றித்தான் குறை என்கிறீர்களா? சொல்கிறேன்.

நம்மூரில் பழைய நகரங்களைப் பற்றி எழுதுவதில் இரண்டே ராகம்தான் உண்டு. ஒன்று பெருமை: 'கடல் கடந்து வென்ற தமிழன்!' இன்னொன்று ஒப்பாரி: 'ஐயோ, எல்லாம் போச்சே!' மேடையில் முதல் ராகம் எடுபடும், பத்திரிகையில் இரண்டாவது. நானும் இரண்டையும் பாடியவன்தான். இரண்டிலும் ஒரு பொதுவான குறை இருக்கிறது. ரெண்டிலுமே அந்த ஊரில் இப்போது இருக்கிற மனுஷர்கள் வருவதில்லை. பெருமைக்கு ராஜா போதும், ஒப்பாரிக்கு ஒரு வெள்ளைக்காரனோ பாண்டியனோ போதும். செங்கல் எடுத்த பாட்டியின் மாமனாரும், மதிலுக்காகத் தண்டனை அனுபவித்த குடியானவனும் ஒரே ஊர்க்காரர்கள், ஒருவேளை ஒரே குடும்பம்கூட. சாமி வீட்டை இடிக்கும்போது மறித்தார்கள், ராஜா வீட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். எது தங்களுடையது என்பதில் அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் 'படிக்காத ஜனங்க, அருமை தெரியல' என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

அருமை தெரியாதவர்கள் யார் என்று பார்க்க வேண்டுமானால் இன்னொரு இடத்துக்கு வாருங்கள்.

கங்கை வெற்றிக்கு ராஜேந்திரன் வைத்துக்கொண்ட ஞாபகச் சின்னம் எது? கோயில் என்றுதான் நான் நினைத்திருந்தேன். திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வது வேறு. கங்கை நீரைக் கொண்டுவந்து, தண்ணீராலேயே ஒரு வெற்றித்தூண் நிறுத்தினான் என்கிறது அது. பெயர் சோழகங்கம். அதாவது ஒரு ஏரி! எல்லா ராஜாவும் கல்லில் தூண் நட்டபோது, ஒருத்தன் தண்ணீரைத் தூண் என்று சொல்லியிருக்கிறான். 1855 கெஜட்டியர் அந்த ஏரிக்கரை தெற்கு வடக்காக 16 மைல் நீளம் என்றும், கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் அதற்கு வாய்க்கால் இருந்தது என்றும் எழுதுகிறது. அப்போதே அது பாழாகிக் கிடந்தது. இன்றைக்கு அதற்குப் பொன்னேரி என்று பெயர்.

கோயிலுக்கு உலகப் பாரம்பரியப் பலகை இருக்கிறது, புல்தரை இருக்கிறது, இரவில் விளக்கு இருக்கிறது. 2014-ல் ராஜேந்திரன் முடிசூடிய ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினோம். 2025 ஜூலையில் பிரதமரே வந்து நாணயம் வெளியிட்டார். எல்லாம் சந்தோஷம். அந்த ராஜாவே 'இதுதான் என் வெற்றித்தூண்' என்று செப்பேட்டில் எழுதிவைத்த ஏரியை எத்தனை வேன்கள் போய்ப் பார்க்கின்றன? ஏரியைச் சீரமைக்கப் போவதாக அதே 2025-ல் மாநில அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் தண்ணீர்த் தூணுக்கு ஒரு குணம் உண்டு. கல்தூணை ஒரு தடவை நிறுத்தினால் போதும். தண்ணீர்த் தூணை ஒவ்வொரு மழைக்கும் புதுசாக நிறுத்த வேண்டும். வாய்க்காலைப் பார்க்க வேண்டும், கரையை அடைக்க வேண்டும், தூர் எடுக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு ஊர் வேண்டும். கல் நிற்க ஊர் தேவையில்லை என்பதால்தான் கல் நம்மிடம் தப்பித்தது.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் கோயிலைப் பார்த்து முடித்த பிறகு, தயவுசெய்து இன்னொரு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாளிகைமேட்டுக்குப் போய் அந்த அடித்தளத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பொன்னேரிக் கரையில் ஏறி நடங்கள். ஆயுதக்களத்தில் ஒரு டீ குடியுங்கள். அங்கே இருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் சோழர் காலத்துச் செங்கல் இருந்தால், போலீஸ் மாதிரி பார்க்காதீர்கள். ஆயிரம் வருஷமாக அந்தச் செங்கல் இன்னும் வீடாகவே இருக்கிறது.

இப்போது அக்கா பையன் சமாச்சாரம்.

ஊருக்குத் திரும்பியதும் அவன் பள்ளிக்கூடத்தில் 'நான் கண்ட வரலாற்றுச் சின்னம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். கோயிலுக்கு இரண்டு வரி. மீதிப் பக்கம் முழுக்க மாளிகைமேடு. கடைசி வரி இப்படி: 'ராஜாவின் வீடு இப்போது அங்கே இல்லை. அதை ஒரு பாட்டி பத்திரமாக வைத்திருக்கிறார்.'

அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பு. 'தலைப்பை விட்டு விலகிச் செல்கிறாய். கோயிலின் சிறப்பை எழுதவும்.' பத்துக்கு நாலு மார்க்.

அந்த நோட்டை நான் இரவல் வாங்கி வைத்திருக்கிறேன்.